வயிற்றுத் தையலும் மூட்டை நூலும்

மாக் மண்டினில் ஒரு கோழித் தீவனக் கிடங்கில் இருபது வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். மூட்டையின் வாயைத் தைத்த நூலில் சரியான முனையைக் கண்டுபிடித்து ஓர் இழு இழுத்தால், சர்ரென்று மொத்தத் தையலும் கையோடு வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

எட்டு வருடங்களுக்கு முன் எடை குறைய வயிற்றில் பைபாஸ் செய்து, என் இரைப்பையை முட்டை அளவுக்குச் சுருக்கிக் குடலோடு இணைத்தார்கள். உடம்பு இளைத்தது. பிறகு, கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரர் பெட்டி படுக்கையோடு வருவதுபோல, போன எடை ஒவ்வொரு கிலோவாகத் திரும்பி வந்தது. இணைத்த இடத்து வாய் அகன்றுவிட்டது, சாப்பாடு நிற்காமல் வழுக்கிப் போகிறது, அதனால்தான் பசி அடங்கவில்லை என்றார் ஜார்ஜ் டவுன் டாக்டர். வயிற்றை வெட்ட வேண்டாமாம். தொண்டை வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, உள்ளேயே தைத்து, அந்த வாயைச் சின்னதாக்கிவிடலாமாம்.

“மெஷின் தையலா டாக்டர், கைத்தையலா?”

சிரித்தார்.

“நூல் முனை எந்தப் பக்கம் வரும்?”

அதற்கும் சிரித்தார். ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்கு இதுதான் கதி. பயந்து நடுங்கினாலும் கைதட்டுவார்கள்.

தைத்தாகிவிட்டது. எழுந்தபோது தொண்டை கரகரத்தது, அவ்வளவுதான். சில வாரங்களுக்கு நீராகாரம் மட்டும். கெட்டியாக ஏதாவது உள்ளே போனால் தையல் விட்டுவிடலாம் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

“நீங்க சூப்பு குடிக்கறப்ப நான் எதிர்ல உக்காந்து சோறு திங்க முடியுமா?” என்று என் மனைவியும் சூப்புக்கு மாறிவிட்டாள். இது பெரிய நெருக்கடி. இனி நான் திருடித் தின்றால் இரண்டு வயிற்றுக்குத் துரோகம்.

பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, பாலிக் புலாவிலிருந்து அவள் தம்பி ஒரு பை குவினி மாம்பழம் கொண்டுவந்தார். வீடெல்லாம் வாசனை. ஒன்றை நறுக்கித் தம்பிக்குக் கொடுத்தாள். தான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அவர் கிளம்பிப் போனதும், “குப்பைய நான் கொட்டிட்டு வரேன்,” என்றேன். கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கீழே குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நின்று, தோலுக்கு அடியில் கிடந்த கொட்டையை எடுத்தேன். கடித்தால்தான் சாப்பாடு, சப்பினால் ஜூஸ் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கொட்டை வெளுக்கும்வரை ஜூஸ் குடித்தேன்.

அரை மணி நேரத்தில் கடைவாயில் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். வெளிறிய ஒரு நூல். ஒரு முனை நாக்கின் மேல். மறுமுனை தொண்டைப் பக்கம் எங்கேயோ. மெல்ல இழுத்தேன். வரவில்லை. ஆனால் தொப்புளுக்கு மேலே சுரீரென்றது. சத்தியமாகச் சுரீரென்றது.

சரியான முனை!

கொட்டை சப்பிய பாவத்தில் தையல் விட்டு, நூல் மேலே ஏறி வந்துவிட்டது. இன்னும் ஓர் இழுப்பில் மொத்தமாகத் திறந்துகொள்வேன். விட்டாலோ முனை உள்ளே போய்விடும். நூலை இரண்டு விரலால் பிடித்தபடியே ஹாலுக்கு வந்தேன்.

“என்னாங்க, பல்லு வலியா?”

மறு கையால் போனில் ‘தையல் பிரியுது’ என்று தட்டிக் காட்டினேன். அவள் காடிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள், ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் தன் செருப்பு.

ஜெலுத்தோங் சாலையில் ஜேம், காடி நகரவில்லை. “ஒன்னும் ஆவாது, மெதுவா மூச்சு விடுங்க. சூப்புதானே குடிச்சீங்க? காய்கறிய நான்தான் சரியா வடிகட்டலையோ? என் தப்புலா,” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

போனில் ‘மாம்’ என்று தட்டினேன். அழித்தேன். சிக்னல் பச்சையானது.

ஆஸ்பத்திரியில் தாதி உடுப்பில் ஒரு தமிழ் மிஸ்ஸி டார்ச்சோடு வந்தாள். மனைவி விஷயத்தைச் சொன்னாள்.

“வயித்துல போட்ட தையல் வாய்க்கு வராதுக்கா. அங்கேயே இறுக்கிப் பூட்டிருவாங்க. அங்கிள், கைய எடுங்க.”

நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

“எடுங்கலா அங்கிள்! கிள்ள மாட்டேன்.”

சாகப் போகிறவன் மறைக்கக் கூடாது. போனில் தட்டி மனைவியிடம் நீட்டினேன். அவள் வாய்விட்டே படித்தாள்: “மன்னிச்சிரு. குப்பைத் தொட்டி பின்னாடி மாங்கொட்டை சப்பினேன்.”

அதே நேரம் மிஸ்ஸி என் விரலை விலக்கி, இடுக்கியால் பல்லிடுக்கிலிருந்து அதைப் பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

“நாருதான். குவினியா அங்கிள்?”

இரண்டே விநாடி. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். வாயை என்றால், போனை.

டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். சாறுதானே, வலியோ வாந்தியோ வந்தால் மட்டும் வரச் சொல்லுங்கள் என்றாராம். போனில் அவர் சிரித்தது மட்டும் எனக்கே கேட்டது.

காடியில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் கேட்டாள்: “இனிப்பா இருந்துச்சா?”

“ரொம்ப,” என்றேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

உள்ளே போனவள் மீதிப் பழங்களைப் பிழிந்து, தண்ணீர் கலந்து, வடிகட்டியில் இரண்டு தரம் வடித்து, ஆளுக்குக் கால் கிளாஸ் ஊற்றினாள். குடித்தோம். பிறகு கொட்டைகளை ஒரு பையில் அள்ளிக் கட்டினாள்.

நான் எழுந்தேன்.

“உக்காருங்க. குப்பைய இனிமே நானே கொட்டிக்கிறேன்.”

தொட்டிக்குப் போய்வர இரண்டு நிமிடம் போதும். அவள் வர இருபது நிமிடம் ஆனது. பல் குத்தும் குச்சி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.