பாலைவனத்துக்கு ஜக்கெற் எதற்கு?

இன்று சொல்ல வந்தவை:
1. மகள் அரிசோனாப் பாலைவனத்தில் நீண்ட நடைப்பயணம் தொடங்கியிருக்கிறாள்.
2. அங்கே பெரிய கவலை தண்ணீர்தான்.
3. அவளது பையிலிருந்து குளிர் ஜக்கெற்றை நான் எடுத்துவிட்டது சரி.

ஸ்காபரோவில் அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில் இருந்து இதை எழுதும்போது அவளே அழைத்தாள்.

"தண்ணி இருக்கோ பிள்ளை?"

"ஓம் அப்பா, தண்ணி காணும், மிச்சமும் இருக்கு. இரவிலைதான் ஏலாது. எல்லா உடுப்பையும் ஒண்டுக்கு மேலை ஒண்டாப் போட்டும் நடுங்கினன். திரும்பி வருவமோ எண்டும் யோசிச்சன்."

அவ்வளவு வெயில் எறிக்கும் இடத்தில் எப்படிக் குளிரும் என்று கேட்டேன்.

"மேகமில்லை அப்பா, பகல் சூடு தங்காது. ஊரிலை புவியியல் படிப்பிச்சது நீங்கள்தானே! ஸ்காபரோவிலை மே மாதத்திலையும் ஜக்கெற்றோடை பின்னாலை ஓடி வாறனீங்கள். இங்கைக்கு மட்டும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியள்."

பக்கத்து இருக்கைப் பெண் சிரித்தார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அப்ப வாறியோ?"

"இல்லையப்பா. நாளைக்குக் கடையள் இருக்கிற ஒரு ரவுண் வரும். அங்கை ஒண்டு வாங்கிக்கொண்டு நடப்பன்."

இரண்டாவதைப் பற்றியும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாலைவனம் நடந்தவர்கள் யாராவது திருத்துங்கள். மூன்றாவது முழுப் பிழை.