குதிகால் வலியோடு பெஹாலாவுக்கு ஒரு நாள்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானிபூரிலிருந்து பெஹாலா போய் வந்தேன். போக நாலு மைல், வர நாலு மைல். கல்கத்தாக்காரர்களிடம் இதைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். வலது குதிகாலில் ஆணி இறங்கியது போன்ற வலியோடு ஏழு மாதம் நின்று சமைத்தவன் போய் வந்தால் அது பயணம்தான். இதே வலியோடு இந்த ஊரில் கல்தரையில் நிற்கிற மற்றவர்களுக்கும் வழி தெரியட்டும் என்று சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, எங்கள் மெஸ்ஸில் சாப்பிடும் குமாஸ்தா சுந்தரம் எழுதுகிறான். நேரம், தூரம், கூலி எதிலும் கை வைக்காதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். கணக்கெல்லாம் என் தலையில் பத்திரமாக இருக்கிறது.

என் பெயர் சாமா. வயது அறுபத்தொன்று. பவானிபூரில் தமிழ்க் குமாஸ்தாக்கள் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் மெஸ்ஸில் ஒன்பது வருஷமாகச் சமையல். விடியற்காலை நாலரைக்கு அடுப்பு மூட்டினால், எட்டரைக்கு எல்லாரும் சாப்பிட்டு ஆபீசுக்குக் கிளம்பும்வரை உட்கார முடியாது. அடுப்பங்கரையில் தோல்செருப்பு ஆகாது. அது எங்களவர் ஆசாரம். ஆகவே வெறுங்கால், இல்லாவிட்டால் மரப் பாதுகை.

வலி வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். படுக்கையைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போகும். கொஞ்சம் நடந்தால் விட்டுக்கொடுக்கும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் போட்டு மிதித்தேன். மூன்றாம் நாள் கொப்புளம் வந்தது. இப்போது வலி இரண்டானது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மெஸ் மானேஜர் கணபதி ஐயர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"ஓய் சாமா, நீர் நொண்டிண்டே பரிமார்றேர். ரசம் இலையில விழறதா, என் மடியில விழறதான்னு பயமா இருக்கு. பாலக்காட்லேர்ந்து ஒரு ஆளை வரவழைக்கலாம்னு இருக்கோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாருமா உக்காந்து லெட்டர் எழுதிடறோம். நீர் ஊரோட போய் ஓய்வா இரும்."

"ஓய்வா இருந்தா யார் சோறு போடுவா? கால்தான் வலிக்கறது. கை நன்னாத்தான் இருக்கு."

"நின்னுண்டு சமைக்கணுமோல்லியோ?"

"நிப்பேன்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

அன்று ராத்திரி சுந்தரம்தான் பெஹாலாவில் இருக்கும் ஒரு கவிராஜரைப் பற்றிச் சொன்னான். இங்கே நாட்டு வைத்தியரைக் கவிராஜர் என்பார்கள். அவன் ஆபீசில் யாரோ ஒரு வங்காளிக்கு முழங்காலைச் சரிசெய்தாராம்.

ஞாயிறு ஏகாதசி. அடுப்பு மூட்ட வேண்டாம். பாலும் பழமும் எடுத்து வைத்துவிட்டு ஏழேகாலுக்குக் கிளம்பினேன். பவானிபூரிலிருந்து காளிகாட் வரை மின்சார டிராம். பின்பெட்டியில் மூன்று பைசா, பத்து நிமிஷம். குதிகால் வலிக்காரர்கள் வண்டி முழுதாக நின்ற பிறகு, நல்ல காலை முதலில் ஊன்றி இறங்குங்கள். நான் அவசரப்பட்டு மற்றக் காலை வைத்தேன். ஏகாதசியும் அதுவுமாக வாயில் வரக் கூடாத வார்த்தை வந்தது.

அங்கிருந்து பெஹாலா மூன்று மைல். குதிரைவண்டிக்காரன் ஒரு பீகாரி. எட்டணா கேட்டான். நாலணா என்றேன்.

"பாபா, உங்க காலைப் பாத்தாலே எட்டணா கம்மின்னு தெரியுது," என்றான் அவன் இந்துஸ்தானியில்.

"அப்படின்னா நடக்கறேன்," என்று ஆதிகங்கைப் பாலத்தைத் தாண்டி நடந்தேன். அவனும் விடவில்லை. என் பக்கத்திலேயே வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தான். சேத்லா கடைத்தெருவில் ஆறணா என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைத்தெரு முடிவில், "ஏறுங்க பாபா, நாலணாவே குடுங்க. நீங்க நடக்கறதைப் பாத்து என் குதிரையும் நொண்ட ஆரம்பிச்சுடும்," என்றான். ஏறிக்கொண்டேன். மிச்சம் பிடித்த நாலணாவைக் குதிகால் வட்டியோடு வாங்கிக்கொண்டது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் ஆறணாவிலேயே ஏறிவிடுங்கள்.

பெஹாலாவில் வீட்டுக்கு வீடு குளம். கவிராஜர் வீடு பெரிய சாலையிலிருந்து கிழக்கே இருநூறு அடி. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தாழ்வாரத்தில் எனக்கு முன்னால் நாலு பல்லக்குத் தூக்கிகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். முறை வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் வங்காளியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

பாதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, குதிகால் முடிந்து உள்வளைவு தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் குளத்து வாத்துகள் கரையேறின.

"இங்கேதானே, அண்ணா? குதிகாலுலேர்ந்து விரல் வரைக்கும் ஒரு நார் ஓடுது. அது இழுத்துப் பிடிச்சிருக்கு. இந்தக் கொப்புளம் என்ன?"

"சுட்ட செங்கல்."

"நாரைச் சமைக்கப் பாத்தீங்களா? சமையக்காரர்னு சொன்னது சரிதான்." பல்லக்குத் தூக்கிகள் சிரித்தார்கள். "ஆறு வாரம் படுத்திருக்கணும்."

"ஆறு நாள் படுத்தா அங்கே வேற ஆள் வந்துடுவான். நின்னபடியே குணமாற மாதிரி சொல்லுங்கோ. இல்லேன்னா காலை விடுங்கோ, போறேன்."

அவர் தூக்கிகளைக் காட்டி, "இவங்களும் இதையேதான் சொல்றாங்க. படுத்தா கூலி இல்லை. சரி, மாசக்கணக்கா ஆகும். தினம் செய்வீங்களா?" என்றார்.

அவர் சொன்னது இது. படுக்கையில் இருக்கும்போதே பாதத்தில் துண்டைப் போட்டு, விரல்களைத் தன் பக்கம் இழுத்து, முப்பது எண்ணும்வரை பிடிக்க வேண்டும், பத்துத் தடவை. அதற்கப்புறம்தான் தரையில் கால். பகலில் மூன்று வேளை சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முன்னால் சாய வேண்டும். உட்காரும்போது சோடா பாட்டிலைப் பாதத்தின் அடியில் உருட்ட வேண்டும். நெருப்பு வேண்டாம். கல்தரையில் வெறுங்கால் கூடவே கூடாது. மரப் பாதுகை அதைவிடக் கெடுதல். மெத்தென்று ஏதாவது போட வேண்டும்.

"தோல் ஆகாது," என்றேன்.

"தோல் யார் கேட்டா? இது சணல் விளையற தேசம்." பழைய கோணியை ஆறு மடிப்பு மடித்து, என் பாதம் அளவுக்கு வெட்டி, வலிக்கிற இடத்துக்கு நேரே குழி விட்டு, சணல் கயிற்றாலேயே தைத்து, வாரும் வைத்து ஒரு ஜோடி கொடுத்தார். பீஸ் எட்டணா, கோணிக்கு ஒன்றுமில்லை. போட்டு நின்றேன். ஏழு மாதத்தில் முதல்முறையாகத் தரை என்னைத் திருப்பி அடிக்கவில்லை.

திரும்பும்போது மாட்டுவண்டி, இரண்டணா, ஆனால் காளிகாட்டுக்கு இரண்டரை மணி நேரம். கோணி வாங்கி, கோணி ஊசி வாங்கி, மெஸ்ஸுக்கு வரும்போது மணி மூன்று. நானே இன்னொரு ஜோடி தைத்தேன். அதை நனைத்துப் பிழிந்து உலர்த்தினேன். பிறகு குளித்து, கவிராஜர் தந்ததையும் தோய்த்து ஈரத்தோடு போட்டுக்கொண்டு, மறுநாளைக்குப் பாத்திரம் கரண்டி எடுத்து வைக்க அடுப்பங்கரையில் நின்றேன்.

ஆறு மணிக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். காகிதம் தயார். கணபதி ஐயர் என் காலைப் பார்த்தார்.

"அடுப்பங்கரையில செருப்பா! என்ன ஓய் அக்கிரமம்?"

"தோல் இல்லை. ஒரு இணுக்குக்கூட இல்லை. சணல்."

"கால்ல போட்டா எல்லாம் செருப்புதான்."

"நார்மடிக்குத் தீட்டு உண்டா?"

நாரில் நெய்த துணிக்குத் தீட்டு ஒட்டாது என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கணபதி ஐயரே பூஜைக்கு நார்மடிதான் கட்டுகிறார்.

"சணல் நார் இல்லாம வேற என்ன? தையலும் நார், வாரும் நார். தினம் ஒரு ஜோடி தோய்ச்சு மடிக்கொடியில உலர்த்தறேன். உம்ம நார்மடி இடுப்புல இருக்கு, என்னுது கால்ல இருக்கு. அவ்வளவுதான்."

சுந்தரம் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனான்.

"கழட்டும். இல்லேன்னா கரண்டியைக் கீழே வையும்," என்றார் மானேஜர்.

கரண்டியைக் கீழே வைத்தேன். முற்றத்தில் போய் உட்கார்ந்து சோடா பாட்டிலை உருட்ட ஆரம்பித்தேன். மறுநாள் துவாதசி. பட்டினி கிடந்த வயிற்றுக்கு, விடிந்ததும் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகப் பாரணை முடிக்க வேண்டும். அதுவும் மடியாகச் சமைத்தது. பாலக்காட்டு ஆள் இன்னும் பாலக்காட்டில்தான் இருக்கிறான். ஆறு பேரில் ஒருவருக்கும் அடுப்பு மூட்டத் தெரியாது.

அரைமணி கழித்து மானேஜர் முற்றத்துக்கு வந்தார். மடிக்கொடியில் அவர் வேஷ்டிக்குப் பக்கத்தில் என் இரண்டாவது ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது. கோலை எடுத்து, தன் வேஷ்டியை இரண்டு முழம் அந்தப் பக்கம் தள்ளினார்.

"கீரையில போனதடவை மண் இருந்தது. நன்னா அலம்பும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கடிதம் போகவில்லை. இது நடந்து மூன்று மாதம். வலி முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பத்துக்கு மூன்று பங்கு பாக்கி. இரண்டாம் வாரம் ஒன்றும் தெரியாமல் வெறுத்து விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். பெஹாலா போகிறவர்கள் ஞாயிறு காலை எட்டுக்குள் போங்கள், தூக்கிகள் கூட்டம் வந்துவிடும். பழைய கோணி கையோடு கொண்டுபோங்கள். புதுக் கோணி உறுத்தும். ஊருக்குப் போய் ஓய்வெடு என்று யாராவது சொன்னால், அவர் மறுநாள் எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.