மாமனாரின் ஆறு நாசில்கள்

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில், சேலம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் டீசல் பம்ப், நாசில் பட்டறை போட்டேன். எஞ்சினுக்குள் டீசலைப் புகைபோலத் தூவிவிடுகிற விரல் நீளச் சாமான்தான் நாசில். அதன் முனையில் உள்ள ஓட்டைகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அந்த ஓட்டைகளைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. எத்தனையோ லாரிக்காரர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் என்னைப் பாடாய்ப் படுத்தியவர் என்றால் அது என் மாமனார்தான். மற்றவர்களிடம் "வேற பட்டறை பாத்துக்கங்க" என்று சொல்லிவிடலாம். பெண் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் போடுகிற விவசாயி. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் என்ன தோன்றியதோ, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய லாரியை வாங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த லாரியில் ஏற்காட்டுக்குச் செங்கல் ஏற்றி அனுப்பினார். தினமும் டிரைவருக்குப் பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்துகொள்வார். அதே மலைக்குச் செங்கல் ஏற்றும் இன்னொரு லாரி தினமும் இவரை மூன்றாவது வளைவிலேயே முந்திவிடும். அந்த டிரைவர் முந்தும்போது ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டுவானாம். அதுதான் அவர் மனதில் போய்த் தைத்துவிட்டது.

ஒருநாள் காலையில் தோள்துண்டில் எதையோ முடிந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். மேஜைமேல் அவிழ்த்துக் கொட்டினார். ஆறு நாசில்கள்.

"மாப்ளே, இது போர் போடற ரிக் வண்டி எஞ்சின்ல இருந்ததுங்க. சேலத்துல பழைய சாமான் கடையில புடிச்சேன். ஓட்டை பெருசு. நம்ம வண்டிக்கு மாட்டிக் குடுங்க."

"மாமா, ஓட்டை பெருசா இருந்தா மட்டும் பவர் வந்துராதுங்க."

"அதெப்புடிங்க? பெரிய ஓட்டையில டீசல் நெறையா போகும். நெறையா போனா வண்டி நெறையா இழுக்கும். இதுக்குப் படிக்கோணுமா?"

டெஸ்டரில் ஒன்றை மாட்டி அவர் கண்முன்னாலேயே கைப்பிடியை அழுத்திக் காட்டினேன். நல்ல நாசில் என்றால் கர்ரென்று ஒரு சத்தம் கொடுத்து, டீசலை மெல்லிய பொடியாக உதறும். இது சத்தமில்லாமல் தடித்தடியாகப் பீச்சியது. முனையில் ஒரு சொட்டு தொங்கியது. கீழே காகிதத்தைப் பிடித்தேன். அவருடைய வண்டியில் இருக்கிற வகை நாசில் விழுத்துகிற நான்கு புள்ளிகளைவிட இதன் புள்ளிகள் மிகவும் அகலம் தள்ளி விழுந்தன. "பாருங்க, பம்ப் எவ்வளவு அனுப்புதோ அவ்வளவுதான் டீசல். இந்த ஓட்டையில அது நல்லாப் பிரியாது. தெளிப்பும் அகலம். பிஸ்டன் குழியில விழாம சுவத்துல போய் அடிக்கும். அரைகுறையா எரிஞ்சு புகையாத்தான் வெளிய வரும். நாளாவட்டத்துல பிஸ்டனே போயிரும்" என்றேன்.

அவர் அந்தக் காகிதத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுதான் நல்லா அகலமா விழுகுது."

"இதை மாட்ட முடியாதுங்க" என்றேன். அவர் நேராக என் வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி, "ஏனுங்க, எங்கப்பா ஆசைப்பட்டுக் கேக்கறாரு. மாட்டித்தான் குடுங்களேன். கெட்டுப்போனா அவரு வண்டிதானே?" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே பத்து வரை எண்ணினேன்.

சரி, பட்டுத்தான் தெரியட்டும் என்று ஆறையும் கழுவி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே வைக்கிற ஷிம் தகடுகளை மாற்றி, முடிந்தவரை ஒரே அழுத்தத்தில் திறக்கும்படி வைத்துக் கொடுத்தேன். வேண்டாத வேலையையும் ஒழுங்காகச் செய்கிற புத்தி என்னோடு பிறந்தது. டிரைவர் எடுத்துப்போய் மாட்டினார். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

மறுநாள் மலை ஏறியிருக்கிறார்கள். லாரிக்குப் பின்னால் ஏற்காடு பஸ். கறுப்புப் புகை பஸ்ஸுக்குள் புகுந்து, ஒரு கல்யாணக் கோஷ்டியின் வெள்ளை வேட்டியெல்லாம் கரி. கண்டக்டர் வளைவில் இறங்கி ஓடிவந்து, லாரிக் கதவைத் தட்டித் திட்டினாராம். வண்டி முன்னைவிட மெதுவாகத்தான் போயிருக்கிறது. மாமனார் சாயங்காலம் வந்தார். மூக்கைச் சுற்றிக் கரி.

"புகை வந்துதுங்க மாப்ளே. அப்ப பவர் உள்ளாற இருக்குது. வெளிய வரமாட்டீங்குது. நீங்க வெச்ச அழுத்தம்தான் சரியில்லைன்னு நெனைக்கிறேன்."

பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. "அந்த ஆறையும் கழட்டி, பழைய நாசிலையும் பம்ப்பையும் கொண்டாரச் சொல்லுங்க. நான் செய்யறதைச் செய்யறேன். நடுவுல யாரும் பேசக்கூடாது" என்றேன். மாமனாரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் வேறு வேலை எடுக்கவில்லை. பழைய ஆறு நாசில்களில் தேய்ந்துபோன இரண்டுக்குப் பதில் அதே எண் போட்ட புதுசு வாங்கினேன். டெஸ்டர் முள் ஒரே இடத்தைத் தொடும்போது ஆறும் திறக்கும்வரை ஷிம் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பம்ப்பைச் சோதனைப் பெஞ்சில் ஏற்றி ஓட்டியபோது ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஆறு விதமாக நின்றது. மூன்றாவதும் ஐந்தாவதும் மிகவும் குறைவு. இதுதான் காரணம் என்று எனக்குச் சந்தோஷம். ஆறும் ஒரே கோட்டில் நிற்கும்வரை திருகினேன். லாரியில் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது, டிரைவர் மிதிக்கக் காத்திராமல், பம்ப் லீவரை நானே கையால் இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் சுத்தமாகச் சீறியது. துளிப் புகை இல்லை.

மாமனார் முகம் தொங்கிவிட்டது. "என்னுங்க, சத்தத்தையே காணோம்?"

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் வந்தார். புகை இல்லையாம், சத்தம் இல்லையாம். அந்த லாரிமட்டும் அதே மூன்றாவது வளைவில் முந்திவிட்டதாம். கையையும் ஆட்டினானாம். "நான் அப்பவே சொன்னனுங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. என் கையில் இருந்த நாசில்கள் பொய் சொல்லவில்லை. பிறகு எது?

விடிந்ததும் பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் லாரியில் ஏறினேன். இரண்டு பேருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி மேடு தொடங்கியதும் டிரைவர் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நான் கையால் இழுத்தபோது அவ்வளவு சீறிய எஞ்சின், இங்கே அதில் பாதிகூடச் சீறவில்லை.

"அண்ணா, முழுசா மிதிங்க."

"முழுசாத்தான் மிதிச்சிருக்கேன்."

"வண்டிய ஓரங்கட்டுங்க."

இறங்கிச் சுற்றிவந்து, அவர் காலை நகர்த்தச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். மிதிக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு வேலங்கட்டை. கட்டுக்கம்பியால் நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தது. மிதி பாதியிலேயே அதில் போய் இடித்து நின்றது.

"இது என்னுங்க அண்ணா?"

டிரைவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் எதிரே இருந்த மலையைப் பார்த்தார்.

"அது நான் வெச்சதுங்க" என்றார். "வண்டி வாங்குன அன்னிக்கே வெச்சேன். இவுரு கண்டபடி மிதிச்சு டீசலக் குடிச்சுருவாருன்னு."

"மாமா, இதை ஏன் என்கிட்டச் சொல்லலீங்க?"

"நீங்க கேக்கலையேங்க."

டிரைவரிடம் திரும்பி, "நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றேன்.

"மொதலாளி வெச்சது" என்றார் அவர். அத்தோடு முடித்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர்கள்மேல் போனது பாதிதான். மீதி என்மேல். ஐந்தாறு வருஷமாகத் தொழில் செய்கிறவன், மயிரிழை போன்ற ஓட்டையை அளக்கத் தெரிந்தவன், வண்டியில் ஒருதரம் ஏறி மிதியை மிதித்துப் பார்க்கவில்லை. பட்டறைக்கு நாசில் வந்தது, நாசிலைப் பார்த்தேன். பம்ப் வந்தது, பம்ப்பைப் பார்த்தேன். டிரைவரிடம் குறடு வாங்கிக் கம்பியை அறுத்து, கட்டையைப் பிடுங்கிக் கீழே பள்ளத்தில் எறிந்தேன்.

அதற்குப் பிறகு வண்டி ஏறியதைச் சொல்ல வேண்டும். செங்கல் பாரத்தோடு வளைவுக்கு வளைவு முக்கல் முனகல் இல்லாமல் போனது. அந்த இன்னொரு லாரி அன்றைக்கு எங்களுக்குப் பின்னாலேயே வந்தது, கடைசிவரை முந்தவில்லை. மாமனார் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு வேகம் என்றால் பயம் என்று அன்றுதான் தெரிந்தது.

மேலே டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். மலை இறங்கும்போது, "நீங்க கெட்டிக்காரருதானுங்க மாப்ளே. பதனமாச் சொல்லிப் புரியவெக்கத்தான் தெரியல" என்றார்.

அடுத்த வாரம் ராசிபுரத்திலிருந்து இரண்டு லாரிக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். என் மாமனார் சொல்லி அனுப்பினாராம். வண்டியில் என்ன குறை என்று கேட்டேன்.

"குறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. உங்க மாமனாரு வண்டி மலையில பறக்குதாமா. அதே மாதிரி ஓட்டைய மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுத்தீங்கன்னாப் போதும்."