பெரட்டுக்கு வந்தாச்சு

கண் டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: இருட்டில் இனி கார் ஓட்டக் கூடாது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் கார் லைசன்ஸ் எடுத்த முதல் பெண் நான். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பத்தொன்பது வருஷம் விடியுமுன்னே கார் ஓட்டிப் போனவள்.

சிறுநீரகச் சுத்திகரிப்பு மையத்தில் தாதி வேலை; நோயாளிகள் கூப்பிடுவது 'மிஸ்ஸி' என்று. ஏழரைக்கு முதல் நோயாளி படுக்க வேண்டுமென்றால் ஆறரைக்கே கதவைத் திறந்து மெஷின்களைத் தயார் செய்தாக வேண்டும். அதனால் மையத்துச் சாவி என்னிடம்தான் இருக்கும், கார் சாவியோடு ஒரே வளையத்தில்.

ரயிலில் வருகிறேன் என்றதும் பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார்.

"ரயிலு லேட்டாச்சுன்னா என்னாக்கா பண்றது? சாவி காடி ஓட்டுற பிள்ளைகிட்ட இருக்கட்டும்லா."

அந்தப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல பெண். ஆனாலும் சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கார் சாவி ஏற்கெனவே வீட்டுக்காரரிடம் போய்விட்டது. வெறும் வளையம் மட்டும் கைப்பையில் கிடந்தது.

முதல் நாள் வீட்டுக்காரர்தான் மோட்டார் சைக்கிளில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கேட்டே திறக்கவில்லை.

"என்னா, பெரட்டுக்கா வந்திருக்கே?" என்று சிரித்தார். "தஞ்சோங் ரம்புத்தான்ல தூங்கிடாதே, அங்கயே சேத்துக்குவாங்க!"

வழியில் வரும் அந்த ஊரில்தான் பெரிய மனநல ஆஸ்பத்திரி. "ஒங்களுக்கும் ஒரு கட்டில் சொல்லி வைக்கிறேன், போங்க" என்றேன்.

பெரட்டு என்றால், விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிற்க வைத்துக் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, பேர் படிப்பது. பேர் படிக்கும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது. என் அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். காய்ச்சலோடு போய் நின்றிருக்கிறாரே தவிர, ஒரு நாளும் பேரை விட்டதில்லை. சொன்ன நேரத்துக்குப் போனாலே லேட் என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. கேலி செய்தால் செய்யட்டும் என்று தினமும் அப்படியே போனேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் பேய்மழை. ஆறேகாலுக்கெல்லாம் மையத்து வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நோயாளிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சாவி மட்டும் வரவில்லை. அந்தப் பெண் போன் போட்டு அழுதாள். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்துகிடக்கிறதாம், கார் நகரவே இல்லையாம். "அழாதம்மா, பத்திரமா வா" என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளரை எழுப்பினேன். மாற்றுச் சாவி அவர் வீட்டில் இருந்தது.

"என்னாக்கா, ரயிலு வரலையா?" என்றார் தூக்கக் கலக்கத்தில்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரயிலும் வந்தாச்சு, ஆளும் வந்தாச்சு. சாவிதான் வரல சார்!"

பத்து நிமிஷத்தில் அரைக்கால் சட்டையோடு ஓடி வந்தார். சக்கர நாற்காலியில் இருந்த சீனப் பெரியவர் என்னைக் கைகாட்டி, "இந்த மிஸ்ஸி எல்லாருக்கும் முன்னாடி வந்தாச்சு" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பொறுப்பாளர் கதவைத் திறந்தார். நான் மெஷின்களைப் பார்க்க உள்ளே ஓடினேன். ஏழரைக்குப் பெரியவரைப் படுக்க வைத்தாயிற்று.

வெளியே வந்தபோது பொறுப்பாளர் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்கா."

பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாவியை அந்த வெறும் வளையத்தில் கோத்தேன்.

ஸ்டேஷன் வாசலில் வீட்டுக்காரர் காத்திருந்தார். "என்னா, இன்னிக்குப் பேரு படிச்சாங்களா?"

அவர் மூக்குக்கு நேரே சாவியை ஆட்டினேன்.

"எம் பேரத்தான் மொதல்ல படிச்சாங்க."