ஞானம் அக்காவின் உதட்டுப் பேச்சு

சென்ற மாதம் ஒரு காலையில் ஞானம் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் குரலே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, இது மில்லு இல்ல. சத்தம் போட்டுப் பேசுங்க" என்றேன். சற்று நேரம் கழித்து, "மாமா, நான் எஸ்தர். அம்மா போயிட்டாக" என்று அவர் மகளின் குரல் கேட்டது.

நான் ஏன் சிரித்தேன் என்பது, அக்காவோடு பழகிய உங்களில் பலருக்குத் தெரியும். இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தே முடி நரைத்தவர் அக்கா. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆகவே அங்குள்ள பெண்கள் குரலை விட்டுவிட்டு உதட்டாலேயே பேசுவார்கள். நாலு மிஷின் தள்ளி நிற்பவளிடம் மகளின் பிரசவம் முதல் மதியக் குழம்பு வரை எல்லாம் போய்ச் சேரும். பழகிய வாய் வீட்டிலும் மாறவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார். "எம்மா, ஒண்ணும் கேக்கல!" என்று எஸ்தர் அந்தப் பக்கம் கத்துவாள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழாசிரியராக இருந்தேன். ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தபோது, ஒருநாள் கொப்பளித்த தண்ணீர் வலது கடைவாயில் தானாக ஒழுகியது. முகத்தின் வலப்பக்கம் அசையவில்லை, கண்ணும் மூடவில்லை. நரம்பு வீக்கம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்ற மருத்துவர், மாத்திரையோடு கண்ணாடி பார்த்துச் செய்யும் பயிற்சியும் தந்தார். மாத்திரையைச் சாப்பிட்டேன். கண்ணாடியைப் பார்க்கத்தான் மனம் வரவில்லை. உதடு ஒட்டினால் எந்த எழுத்து, குவிந்தால் எந்த எழுத்து என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன் நான். இப்போது 'பாடம்' என்று சொன்னால் காற்று பக்கவாட்டில் போயிற்று. விடுப்பு எழுதிக் கொடுத்தேன். இனி வகுப்பில் நிற்காமலே ஓய்வுபெற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஞாயிறு ஆராதனைக்கு வாயைத் துண்டால் மூடிக்கொண்டு போனதை, எங்கள் ஆலயத்துக்கே வரும் அக்கா பார்த்துவிட்டார். சாயங்காலம் கைப்பிடி உடைந்த கண்ணாடி ஒன்றோடு வீட்டுக்கு வந்தார்.

"துண்ட எடுங்க சார்."

"வேண்டாம்க்கா. பேசுனா யாருக்கும் வெளங்கல."

"எனக்கு வெளங்குதே! எங்க மில்லுல எல்லாருக்கும் வாயி ஒழுங்காவா இருந்துச்சுன்னு நெனைக்கிறீக? பல்லு போனவ, வெத்தல அதக்குனவ, அம்புட்டுப் பேரு பேச்சையும் பாத்தே படிச்சவ நான்."

அன்று முதல் தினமும் அந்தக் கண்ணாடியை என் கையில் கொடுத்து எதிரே உட்கார்ந்து, பம்பரம், மாம்பழம், பப்பாளி என்று குரலில்லாமல் சொல்லச் சொல்வார். நல்ல பக்கம் முந்திக்கொண்டு இழுக்கும். "அந்தக் கெட்டிக்காரன வெரலால அமுக்குங்க. அவனே ஓடிக்கிட்டிருந்தா சோம்பேறி எந்திரிக்கவே மாட்டான்" என்பார். கை தூக்கும் பிள்ளைகளிடமே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த என் வகுப்புகள் நினைவுக்கு வரும். நான் சலித்துக்கொண்டால், "சத்தம் பொறவு வரும். மொதல்ல வாயத் தொறங்க" என்பார்.

"உதடு பாதிதான் சொல்லும் சார். மிச்சத்தக் கன்னமும் புருவமும் சொல்லும்" என்பதும் அவர் சொன்னதுதான். ஆறாவது வாரம் என் வலது கன்னம் லேசாகத் துடித்ததை எனக்கு முன்னால் அவர்தான் கண்டார். "ஏ, வந்துட்டான் சோம்பேறி!" என்று கைதட்டினார். கடைசி மாதம் பள்ளிக்குப் போனேன். வாய் சற்றுக் கோணலாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்குப் புரிந்தது.

அக்காவின் அடக்க ஆராதனையில் என்னைப் பேச அழைத்தார்கள். நின்றேன். அழுகையில் வலது உதடு பழையபடி தொய்ந்தது, குரல் வரவில்லை. ஆலயமே காத்திருந்தது. பின்வரிசையில் அவரோடு மில்லில் வேலை பார்த்த பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். அத்தனை தூரத்திலும் எனக்கு விளங்கியது. "வாயத் தொறங்க சார்."

திறந்தேன். 'ஞானம் அக்கா' என்று உதடு மட்டும் சொல்லிற்று. பின்வரிசை முழுவதும் தலையசைத்தது. அதற்குப் பிறகு குரல் வந்தது.

கண்ணாடியை நான் திருப்பித் தரவே இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். அதில் தினமும் என் பம்பரமும் மாம்பழமும் நடக்கின்றன. இன்னொன்றும் என்னிடம் மிச்சமிருக்கிறது. போனில் குரல் கேட்காவிட்டால் முன்பெல்லாம் உடனே வைத்துவிடுவேன். இப்போது வைப்பதில்லை. யாரோ பேசிக்கொண்டிருக்கலாம் என்று சற்று நேரம் காத்திருக்கிறேன்.