சிடிஎம்ஏ மெர்வ்

கல்லறைத் தோட்டத்திலும் மெர்வ் ட்ரெம்பாத் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கிடந்தவர் அவருடைய சொந்த மச்சினர்.

"மெர்வ், அதக் கீழ எறக்கு. என் தம்பி போறான்" என்று பல்லைக் கடித்தாள் மனைவி ஐலீன்.

"சிக்னல் நாலு கோடு" என்று முணுமுணுத்து, சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தம்பிக்காக வந்த கண்ணீர், எரிச்சலில் பாதியிலேயே நின்றுபோனது அவளுக்கு.

நாற்பது வருடம் பார்லி அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும் உலகம் அவருக்கு இரண்டு செல்ஃபோன் தொழில்நுட்பங்களாகப் பிளந்துவிட்டது: சிடிஎம்ஏ, ஜிஎஸ்எம். கோபுரம் எங்கோ இருந்தாலும் வயல்காட்டில் நின்று பேச முடிகிற சிடிஎம்ஏதான் சத்தியம். மற்றது பட்டணத்துப் பொய். சிடிஎம்ஏவின் காப்புரிமை வைத்திருந்த அமெரிக்க நிறுவனத்தின் பங்குகளை, ஊர் முதலீட்டுக் குழுவைப் பேசிப் பேசியே வாங்க வைத்தார். ஐலீனின் அம்மா வீட்டை விற்ற பணமும் அதில்தான் கிடக்கிறது. பங்கு ஏறியபோது அவருக்கு எல்லோரும் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். பாதியாக இறங்கிய பிறகு அவரவர் பியரை அவரவர் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஜிஎஸ்எம் வைத்திருப்பவர் வீட்டில் அவர் தேநீர் குடிப்பதில்லை. அடிலெய்டு நகரத்திலிருந்து மகள் அம்மாவுக்கு அப்படி ஒன்று வாங்கி அனுப்பியபோது, மூன்று நாள் அதை ரொட்டி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தார். "என் வீட்டுக்குள்ளயே எதிரி முகாமா?" என்று வேறு கேட்டார். ஐலீனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஊர்ப்பக்கத்து சிடிஎம்ஏ கோபுரங்களை இரண்டு வருடத்தில் மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த வியாழக்கிழமை, புல்வெளியில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பில் குழுவின் பத்து பேரும் கூடினார்கள்.

"ஐரோப்பா முழுக்க ஜிஎஸ்எம்தான் மெர்வ். கவுழுற படகுல உக்காந்து வலை வீசாத" என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் லாயிட்.

"ஐரோப்பால எவன்யா பார்லி வயல்ல நின்னு பேசுறான்? கோபுரத்துலருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தாண்டினா உன் ஜிஎஸ்எம் மூச்சு விடாது!"

"நீ கோபுரத்தப் பேசுற. நாங்க பங்கப் பேசுறோம்."

"கோபுரம் இல்லாம என்னய்யா பங்கு?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவது? வாக்கெடுப்புக்கு விட்டார்கள். விற்க வேண்டுமென்று ஐந்து கைகள் எழுந்தன. இன்னும் ஒரு கை வேண்டும். குழுவின் கணக்கு எழுதும் ஐலீன் கணவரை ஒரு முறை பார்த்தாள். ஆனாலும் அம்மாவின் வீட்டை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். மெர்வ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரகருக்கு இப்பவே சொல்லிடு ஐலீன். விட்டா மெர்வ் சாயங்காலத்துக்குள்ள நம்ம மனச மாத்திடுவான்" என்றார் லாயிட்.

ஐலீன் கைப்பையிலிருந்து மகள் அனுப்பிய ஃபோனை எடுத்தாள். ஒரு கோடு கூட இல்லை. லாயிட் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு புல்வெளியில் இங்கும் அங்கும் நடந்துவிட்டு, வெறுங்கையாகத் திரும்பினார். கிளப்பின் தொலைபேசி இருந்த அறை பூட்டிக் கிடந்தது. யாரும் மெர்வ் பக்கம் திரும்பவில்லை.

அவர் மெதுவாக எழுந்தார். இடுப்பிலிருந்த தோல் உறையைத் திறந்து, ஃபோனைக் கைக்குட்டையால் துடைத்து, ஆன்டெனாவை முழுக்க இழுத்துவிட்டார். தரகரின் எண்ணையும் அவரே அழுத்தி, மனைவியின் கையில் வைத்தார்.

"சன்னல் பக்கம் போய் நில்லு. அங்கதான் அஞ்சு கோடு" என்றவர், முன்னால் போய் அவளுக்காகத் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டார்.