சந்தனம் இறங்கிய துப்பாக்கி

ஆயுத பூசைக்கு மறுநாள், எங்கள் பண்ருட்டி முந்திரி முதலாளிக்குக் காவலாக வரும் மீசைக்காரப் போலீஸ், கார் பானெட்டில் துப்பாக்கியைப் பிரித்து உள்ளே இறங்கியிருந்த சந்தனத்தைத் துடைத்தார். பொட்டு வைத்தவரும் அவர்தான். திரும்பப் பூட்டியதும், வழக்கம்போலக் காதருகே ஆட்டிப் பார்த்தார். இந்தத் தடவை உள்ளே என்னவோ கடகடத்தது.

டிரைவரான நான், “ஸ்டேஷன்ல குடுத்துடுங்க சார்,” என்றேன்.

“குடுத்தா, சந்தனம் உள்ள எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. நீ வண்டிய எடு.”

குண்டு போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிதம்பரம் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் அது கடகடத்தது. முதலாளி பின்சீட்டில் தூங்கினார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டி நின்றதும்தான் பார்த்தேன். துப்பாக்கி முனையை என் பக்கமோ முதலாளி பக்கமோ திருப்பாமல், தன் தொடையிலேயே அழுத்திப் பிடித்திருந்தார்.